வட்டி வந்துச்சா இல்லையா, நீங்களே சொல்லுங்க

நடுவர் ஐயாவுக்கும் யாங்கூன் தமிழ் சொந்தங்களுக்கும் வணக்கம். டைம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இவ்ளோ பெருசா வளந்ததுக்கு காரணம் கணக்கா, மனசா? நாங்க மனசு கட்சி. எதிரணி அண்ணன் இப்பதான் கேட்டுட்டு உக்காந்தாரு, "மனச பேங்க்ல போட்டா வட்டி வருமா"ன்னு. நீங்களும் விசில் அடிச்சீங்க.

அண்ணே, பதில் சொல்றேன், எழுந்து போயிராதீங்க. வருஷம் 1976. அரவிந்த ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு வயசு 58, கவர்மெண்ட் வேலைல ரிட்டயர் ஆயாச்சு. மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. பிரசவ டாக்டராகணும்னு ஆசைப்பட்டவரு, அந்த விரலால முடியாதுன்னு கண் பக்கம் வந்து, அதே விரல்ல கத்தி புடிச்சு லட்சத்துக்கு மேல ஆபரேஷன் பண்ணவரு. கணக்கு தெரிஞ்ச யாராச்சும் அந்த வயசுல, அந்த கைய வச்சுக்கிட்டு, கூடப்பொறந்தவங்களையும் மச்சானையும் சேத்துக்கிட்டு, வீட்டை அடகு வச்சு 11 பெட்டு போட்டு, காசில்லாதவங்களுக்கு சும்மா பாக்குறேன்னு ஆரம்பிப்பாங்களா?

இப்ப வட்டிய எண்ணிக்கோங்க. 85ல தேனில கிளை ஆஸ்பத்திரி. 88ல திருநெல்வேலி. 97ல கோயம்புத்தூர். 2003ல பாண்டிச்சேரி. போதுமாண்ணே, இன்னும் வேணுமா? பொரை எடுத்துட்டு கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு கட்டுப்படியாகல, ஆபரேஷன் பண்ணியும் சோடாபுட்டி கண்ணாடிதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதனால 1992ல ஆரோலேப்னு ஆரம்பிச்சு லென்ஸையே சொந்தமா செஞ்சு வெலைய எங்கயோ எறக்கிட்டாங்க. இதுவும் வட்டிதான்!

ரெண்டு டேபிள பக்கத்து பக்கத்துல போட்டு, ஒரு கண்ணு முடிஞ்சதும் டாக்டர் அப்படியே அடுத்த கண்ணுக்கு திரும்பிடுவாரு, அதான் கணக்குன்னு எதிரணில சொன்னாங்க. சரிங்க, அந்த கணக்க யாருக்காக போட்டாங்க? ஆபரேஷன் ஃப்ரீன்னு சொல்லியும் கிராமத்துக்காரங்க வரல, ஏன்னு போய் கேட்டா பஸ்சுக்கு காசில்ல, சாப்பாட்டுக்கு வழியில்லன்னாங்க. உடனே பஸ்ஸ அனுப்பி, சோறும் போட்டு, திரும்ப ஊர்லயே எறக்கி விட்டாங்க. "ஏன் வரல"ன்னு வீடு தேடிப்போய் கேக்க வச்சது எதுங்க?

எங்க பெரியம்மா கதைய சொல்றேன். யாங்கூனுக்கு எதிர்க்கரைல இருக்குற டலாக்காரங்க. ஆத்த தாண்டி இந்தப்பக்கம் வரவே பயப்படும், அது மதுரைக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு போயி, கண்ணுல பொரை முத்திப்போயி, அரவிந்த்ல உக்காந்திருக்கு. கன்னம் ரெண்டுலயும் தனாக்கா, நம்ம பர்மால மரப்பட்டைய அரைச்சு பூசிக்குவோமே, அது! அங்க ஒரு சின்னப் பொண்ணு, கிராமத்துல இருந்து வந்து அங்கயே ட்ரெயினிங் எடுத்து வேலை பாக்குற புள்ள, "பாட்டி இது சந்தனமா?"ங்குது. "இல்லடி, எங்க ஊர் தனாக்கா". "ஆபரேஷனுக்கு முன்னாடி மொகம் கழுவணும் பாட்டி". பெரியம்மா மாட்டேன்னுருச்சு. தனாக்கா இல்லாம நான் எங்கயும் போனதில்லன்னு ஒரே பிடிவாதம். அந்தப் புள்ள அதட்டல, டாக்டரக் கூப்பிடல. பக்கத்துல உக்காந்து, தண்ணி தொட்டு தொட்டு தானே தொடச்சு விட்டுச்சு. பின்னாடி நிக்கிறவங்களுக்கு கேட்டுச்சா? தானே தொடச்சு விட்டுச்சுங்க! மறுநாள் கட்டு பிரிச்சதும் பெரியம்மா பாத்த மொத மொகம் அந்தப் புள்ள மொகம், அது கன்னத்துல வட்டமா தனாக்கா. பெரியம்மாவோட டப்பாலேர்ந்து அந்தப் புள்ள எடுத்து பூசிக்கிட்டு நிக்குது. பெரியம்மா இத சொல்லும்போதெல்லாம் அழும், எனக்கும் தொண்ட அடைக்குது.

அண்ணே, அந்த தனாக்காவ எந்த கணக்குல எழுதுவீங்க? வரவா, செலவா?

இதே யாங்கூன்ல, மகாபந்தூலா ரோட்ல, முஸ்லிம் இலவச ஆஸ்பத்திரி இன்னிக்கும் நடக்குது. கோயிலுக்குப் போறவங்களும் பயாவுக்கு, அதான் புத்தர் கோயிலுக்கு, போறவங்களும் அங்க ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நம்மள்ல எத்தன பேரோட அம்மா அப்பா இந்த மாதிரி ஒரு எடத்துல, அஞ்சு காசு குடுக்காம, யாரோ ஒருத்தர் புடிச்ச கையால எழுந்து நடந்தாங்க? கைய தூக்குங்க பாப்போம். ஐயா, நடுவர் ஐயா, அந்த கைகள பாத்துட்டு தீர்ப்ப சொல்லுங்க. வணக்கம்.