நூறு வாத்தியத்துக்கு மேல ஒரு குரல்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் மைக் கேக்குதா? சரி. இன்னைக்கு நான் பேசப்போற அம்மா ஆபரா மேடையில, அதாவது கதை முழுக்கப் பாட்டாவே நடக்கற மேற்கத்திய இசை நாடகத்துல, மைக்கே இல்லாம பாடினவங்க. மேடைக்கு முன்னாடி பள்ளத்துல கிட்டத்தட்ட நூறு பேர் உக்காந்து வயலின், ட்ரம்பெட், டிரம்முன்னு வாசிப்பாங்க, அத்தனையையும் தாண்டி மூவாயிரத்துச் சொச்சம் பேர் உக்காந்திருக்கற ஹால்ல கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரணும். பேரு பிர்கிட் நில்சன், ஸ்வீடன்காரங்க, வாக்னர்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளரோட ஆபராவுக்குன்னே பொறந்த சோப்ரானோன்னு சொல்லுவாங்க, சோப்ரானோன்னா ரொம்ப உச்சத்துல பாடற பெண் குரல்.

1918ல தெற்கு ஸ்வீடன்ல வேஸ்ட்ரா காருப்ங்கற ஊர்ப்பக்கம் விவசாயக் குடும்பத்துல பொறந்தாங்க, ஒரே பொண்ணு. அப்பாவுக்கு என்ன ஆசைன்னா பொண்ணு நிலத்தைப் பாத்துக்கணும், பாட்டு கீட்டுன்னு அலையக்கூடாது. இவங்களும் மாடு கறந்து, காட்டு வேலையெல்லாம் பாத்து வளந்தவங்கதான். ஆனா 1941ல ஸ்டாக்ஹோம் போய் ராயல் அகாடமியில சேர்ந்துட்டாங்க. அங்க கிடைச்ச பயிற்சி தன் தொண்டையைக் கெடுக்கப் பாத்துச்சுன்னு பின்னாடி வெளிப்படையாவே சொன்னாங்க, நிஜமான வாத்தியார் மேடைதான்னு.

அந்த மேடையும் லேசுல மடியில உக்காத்தி வெச்சுக்கல. 1946ல ஸ்டாக்ஹோம் ஆபராவுல ஒரு பாடகிக்கு உடம்பு சரியில்லாம போக, மூணே நாள் அவகாசத்துல இவங்களை இறக்கிவிட்டாங்க, கண்டக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்தறவர், லியோ ப்ளெக்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. மறு வருஷம் ஃப்ரிட்ஸ் புஷ் கண்டக்ட் பண்ண, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியோட ஆபராவுல லேடி மாக்பெத் வேஷம் பாடினப்பதான் ஊரு திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறமும் ஒரேயடியா பெரிய இடத்துக்கு ஓடல, ஸ்டாக்ஹோம் தியேட்டர்லயே பாடிப் பாடி குரலைக் கெட்டிப்படுத்திட்டு, 1954ல ஜெர்மனியில வாக்னர் ஆபராவுக்குன்னே நடக்கற பைராய்ட் விழா, 1958ல இத்தாலியில மிலான் லா ஸ்காலா ஆபரா, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா மேடை ஏறும்போது வயசு 41. என்னைக் கேட்டா அவங்க வாழ்க்கையில ரொம்ப முக்கியமான விஷயம் இந்த நிதானம்தான், குரல் எவ்ளோ பெருசுங்கறது எல்லாம் அதுக்கப்புறம்.

1959 டிசம்பர் 18, நியூயார்க்ல வாக்னரோட 'டிரிஸ்டானும் இசோல்டாவும்' ஆபராவுல நாயகி இசோல்டாவா முதல் தடவை பாடினாங்க, மறுநாள் பேப்பர்ல முதல் பக்க நியூஸ். கூத்து என்னன்னா பத்து நாள் கழிச்சு அதே ஆபரா, நாயகன் டிரிஸ்டானா பாடக்கூடிய டெனர், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர், மூணு பேருக்கும் உடம்பு முடியல. மெட்ரோபாலிட்டன் மேனேஜர் ருடால்ஃப் பிங் என்ன பண்ணாரு, மூணு பேரையும் கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கு ஒரு அங்கம் பாட ஒத்துக்க வெச்சுட்டு, திரைக்கு முன்னாடி வந்து நல்லவேளை இந்த ஆபராவுக்கு மூணு அங்கம்தான்னு சொன்னாராம். ராமோன் வினாய், கார்ல் லீபிள், ஆல்பர்ட் டா கோஸ்டா, மூணு டிரிஸ்டான், ஒரே இசோல்டா! இசை மட்டுமே நாலு மணி நேரத்துக்குப் பக்கம் வரும், அதுலயும் இசோல்டாவுக்குப் பெரிய பாட்டு கடைசியிலதான், எல்லாரும் ஓய்ஞ்சு போன நேரத்துல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அலையா எழும்பும்போது அதுக்கு மேல பாடணும். இந்த வேஷத்துக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கு அம்மா சொன்ன பதில், காலுக்கு வசதியான செருப்பு.

சரி, எப்படித்தான் கேக்குது? கத்தறதில்ல. கத்தினா ரெண்டு வருஷத்துல தொண்டை போயிடும். ஸ்டாக்ஹோம்லயே யோஹான் சுந்த்பெரிங்கற ஆராய்ச்சியாளர் இதை அளந்து பாத்திருக்காரு. சோப்ரானோ மேல ஏற ஏற தாடையை இறக்கி வாயை அகலமாத் திறப்பாங்க, அப்ப வாய்க்குள்ள இருக்கற காத்தோட அதிர்வு பாடற சுரத்தோட ஒண்ணாயிடும், சத்தம் தானா பெருகும், மூச்சு கூடுதலா செலவாகாது. இதுக்கு ஒரு விலையும் உண்டு, ரொம்ப மேல போனா ஆ, ஈ, ஊ எல்லாம் ஒரே மாதிரி கேக்கும், என்ன வார்த்தைன்னே புரியாது. நமக்கு ஜெர்மன் தெரியாதுங்கறதால அந்தக் கஷ்டம் இல்ல.

வாய் பாட மட்டும் இல்ல, பேசவும் கூர்மை. காராயன்னு ஒரு கண்டக்டர், அந்தக் காலத்து சக்கரவர்த்தி, அவர் முன்னாடி பெரிய பெரிய பாடகர்களே வாயத் திறக்க மாட்டாங்க. மெட்ரோபாலிட்டன்ல வாக்னரோட வால்கூர ஆபராவை அவரே மேடையமைச்சு லைட்டெல்லாம் ரொம்ப மங்கலா வெச்சுட்டாரு, பாடறவங்க முகமே தெரியல. அம்மா சண்டை போடல, ரிகர்சலுக்கு சுரங்கத் தொழிலாளி போடற விளக்கு வெச்ச ஹெல்மெட்டை மாட்டிட்டு வந்து நின்னாங்க, அவ்ளோதான். சம்பளத்துலயும் கறார். வருமான வரிக்காக உங்களை நம்பி யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டதுக்கு, ஆமா, ருடால்ஃப் பிங்னு பதில். பின்னாடி அதே அமெரிக்க வரித்துறையோட நிஜமாவே தகராறு வந்து, எழுபதுகள்ல சில வருஷம் அந்த நாட்டுப் பக்கமே போகல, 1979லதான் திரும்பினாங்க. மறு வருஷம் எலெக்ட்ராங்கற ஆபராவுல அதே பேரு நாயகி வேஷம் பாடினாங்க பாருங்க, வயசு 61! மேடையை விட்டு எறங்கவே விடாத வேஷம் அது.

1984ல பாடறதை நிறுத்திட்டு ஊரோட போயிட்டாங்க, 2005 கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலமானாங்க. சேத்து வெச்ச பணத்துல 10 லட்சம் டாலர் பரிசு ஒண்ணு ஏற்படுத்தி, முதல் பரிசு யாருக்குன்னு தானே எழுதி கவர்ல ஒட்டி வெச்சுட்டுப் போயிருக்காங்க. 2009ல பிரிச்சுப் பாத்தா பிளாசிடோ டொமிங்கோ பேரு. இன்னைக்கு ஸ்வீடன்ல 500 குரோனா நோட்டுல இருக்கற முகம் இந்த அம்மாவோடதுதான்.

நேர்ல கேட்டவங்க எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க, அந்தக் குரல் ரெக்கார்டுக்குள்ள முழுசா அடங்கலன்னு. இருக்கட்டும், 1966ல பைராய்ட்ல கார்ல் போம் கண்டக்ட் பண்ண இதே டிரிஸ்டான் ஆபரா ரெக்கார்டு இருக்கு, கடைசி ஏழு நிமிஷம் மட்டும் இப்ப கேப்போம். தம்பி, போடுப்பா, சவுண்டைக் கொஞ்சம் ஏத்தி வை.