'வேண்டாம்' என்று மக்கள் சொன்ன பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

2015 ஜூன் கடைசியில், பெரும் கடனில் சிக்கியிருந்த கிரேக்கத்தில் வங்கிகளை மூடிவிட்டார்கள். ஏடிஎம்மில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 யூரோதான். ஓய்வூதியத்தை நம்பியிருந்த முதியவர்கள் வங்கி வாசலில் காத்துக் கிடந்தார்கள். அந்த நெருக்கடியிலும், ஜூலை 5 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர், கடன் கொடுத்த ஐரோப்பிய அமைப்புகளும் சர்வதேச நாணய நிதியமும் விதித்த நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். எட்டே நாளில், சிரிசா என்ற இடதுசாரிக் கட்சியின் பிரதமர் சிப்ராஸ் பிரசல்ஸில் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்டினார்.

அந்த அடியிலிருந்து கிரேக்க இடதுசாரிகள் இன்னும் எழவில்லை. ஒற்றுமை இல்லாததுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

பிளவு அங்கே பழைய கதை. ராணுவ ஆட்சி நடந்த 1968இலேயே கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவு மாஸ்கோவோடு நின்றது, இன்னொன்று தன் வழியைத் தேடிப் போனது. அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்களும் வேறு பல குழுக்களும் சேர்ந்து 2004இல் அமைத்த கூட்டணிதான் சிரிசா. மே தினத்தில்கூட ஏதென்ஸில் கம்யூனிஸ்ட் கட்சியின் தொழிற்சங்க அணிக்குத் தனிக் கூட்டம், மற்றவர்களுக்குத் தனிக் கூட்டம். 2015 வாக்கெடுப்பிலும் அக்கட்சி 'வேண்டாம்' பக்கம் நிற்கவில்லை. கடன் கொடுத்தவர்களின் திட்டமும் வேண்டாம், சிரிசா அரசின் திட்டமும் வேண்டாம் என்று தானே அச்சடித்த தாளைப் பெட்டியில் போடச் சொன்னது. அவையெல்லாம் செல்லாத வாக்குகளாயின. அந்தத் தாள்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒப்பந்தத்தை எதிர்த்து சிரிசாவிலிருந்து 25 எம்.பி.க்கள் வெளியேறினார்கள். செப்டம்பர் தேர்தலில் அவர்களின் புதுக் கட்சி 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. மக்கள் அவர்களை ஏன் நம்பவில்லை? அவர்கள் சொன்னபடி யூரோ நாணயத்தை விட்டால் முதல் மாதம் மருந்தும் பெட்ரோலும் எப்படி வரும், சம்பளம் எந்தப் பணத்தில் கிடைக்கும்? இதை யாரும் மக்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. நிதியமைச்சர் வரூஃபாகிஸிடம் ஒரு மாற்றுத் திட்டம் இருந்தது. ஆனால் அதைச் சிலர் மட்டும் ரகசியமாகத் தயாரித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் மறுத்தால் அடுத்து என்ன என்ற கேள்விக்கு மக்கள் முன் வைக்க விடை இல்லாமலேயே சிரிசா அரசு பேச்சுவார்த்தைக்குப் போனது. தோல்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் நடந்தது சரிவுதான். 2023 ஜூன் தேர்தலில் சிரிசா 18 சதவீதத்துக்கும் கீழே போனது. அதே ஆண்டில் சிரிசாவிலிருந்து 'புதிய இடது' என்று இன்னொரு பிரிவும் கிளம்பியது.

மாற்றத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது என்று நம்புகிறேன். 2023 பிப்ரவரியில் டெம்பியில் நடந்த ரயில் விபத்தில் 57 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் மாணவர்கள். இரண்டாண்டு கழித்து அதே நாளில் நாடே வேலைநிறுத்தம் செய்தது, விபத்தில் சிக்கியவர் அவசர உதவி அழைப்பில் சொன்ன "எனக்கு ஆக்சிஜன் இல்லை" என்ற வார்த்தைகளையே முழக்கமாக்கி பெருங்கூட்டம் தெருவில் இறங்கியது. கூட்டியவர்கள் கட்சித் தலைவர்கள் அல்ல, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள். சிக்கன நடவடிக்கைகளின் காலத்தில் காப்பீடு இழந்தவர்களுக்கு இலவச மருத்துவ மையங்கள் நடத்தியவர்களும் இப்படிப்பட்ட சாதாரண மக்கள்தான். ரயில் பாதுகாப்பு, வாடகை, சம்பளம் என்று இந்த மக்களின் பிரச்சினைகளுக்காவது இடதுசாரிக் கட்சிகள் ஒரே மேடையில் உட்கார வேண்டும். 2027க்குள் அங்கே அடுத்த தேர்தல் வந்தாக வேண்டும். முதலிடம் பிடிக்கும் கட்சிக்குக் கூடுதல் இடங்கள் தரும் தேர்தல் முறை அது; பிரிந்து நின்றால் இடதுசாரிகளுக்குத்தான் இழப்பு.

நன்றி, வணக்கம்.