அறுந்த இழையைத் தேடும் விரல்கள்: டோபமின் செய்யும் வேலை

[காட்சி: சென்னிமலை. கைத்தறியில் போர்வை நெய்யும் கைகள்.]

இந்தக் கைகளைப் பாருங்கள். கால் மிதியை அழுத்துகிறது, கை கயிற்றை இழுக்கிறது, நாடா பாய்கிறது. நெய்கிறவர் எதையும் யோசித்துச் செய்வதில்லை. பழகிய கை தடங்கலின்றி ஓட, மூளைக்கு டோபமின் வேண்டும்.

டோபமினை இன்பம் தரும் வேதிப்பொருள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. ஒன்றை நாடிப் போகும் ஆர்வத்திலும், எதிர்பாராத பலனிலிருந்து கற்பதிலும், உடல் அசைவிலும் அதற்குப் பங்கு உண்டு.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, தறிக்குழியில் வாழ்ந்தவர். 63 வயதில் அவருடைய வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசத் தொடங்கின, அறுந்த இழையைத் திரித்து ஒட்டுவது போலவே. தொழில் பழக்கம் என்று நினைத்துவிட்டோம். கயிற்றைப் பிடித்தால் நடுக்கம் அடங்கும். கையை மடியில் வைத்தால் திரும்பிவிடும். ஈரோட்டில் நரம்பியல் மருத்துவர் அவரை எழுதச் சொன்னார். வரி போகப் போக எழுத்து கடுகாய்ச் சிறுத்தது. பார்கின்சன் நோய்.

[காட்சி: மூளையின் குறுக்குவெட்டு. நடுமூளையில் கருத்த பட்டை.]

இந்தக் கரும்பட்டையின் நரம்பணுக்களே அசைவுக்கான டோபமினைச் சுரக்கின்றன. பார்கின்சனில் அவை மெல்ல மெல்ல அழிகின்றன.

1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் என்ற ஆய்வாளர், மூளையின் டோபமினை வற்றவைக்கும் ரெசர்பின் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, உடலில் டோபமினாக மாறும் டோபாவை ஊசியாகப் போட்டார். அவை எழுந்து நடமாடின! அந்த ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரில் இருப்பது. டோபமின் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதை 1960-இல் ஆஸ்திரிய ஆய்வாளர் ஹோர்னிகீவிச் காட்டினார்.

அப்படியானால் டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. அந்த டோபாவின் மருந்து வடிவமான லெவோடோபா தாண்டும், உள்ளே போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறி வீணாகாமல் காக்க, கூடவே கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. ஆனால் அளவு விதைக்கு விதை மாறும். மருத்துவரைக் கேட்காமல் பொடியை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி, சமையலறைக்கு வாருங்கள். அப்புச்சி மதியம் களியும் கொள்ளுப்பருப்பும் உண்ட கையோடு லெவோடோபா மாத்திரை போடுவார். மூன்று மணி வரை பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல நிற்பார். மாத்திரை சரியில்லை என்று வருந்தினோம். உண்மையில், பருப்பின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்தோம். இரண்டு மணிக்கெல்லாம் தானே எழுந்து திண்ணைக்குப் போனார். கொள்ளுப்பருப்பை விடவும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றை மட்டும் பதற்றத்தோடு சொல்கிறேன். ஒருமுறை வாந்திக்காக வேறோர் இடத்தில் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். அன்றிரவு அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. அந்த மருந்து, மனநோய்க்கான பல மருந்துகளைப் போலவே, நரம்பணுக்களில் டோபமின் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் பார்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

[காட்சி: மருந்துச் சீட்டு நோட்டு. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த ஊசியின் பெயர். மேலே ஒரு குறுக்குக் கோடு.]