வெற்றிப் படமும் வெள்ளியின் அளவும்

அவையோருக்கு வணக்கம். ரோமப் பேரரசர்கள் எல்லைப்புறக் குடிகளை வென்றதாக வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் படத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். அதில் வெள்ளி எவ்வளவு என்றும் பாருங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

கி.பி. 83இல் பேரரசர் தொமிஷியன் ரைன் நதிக்கு அப்பாலிருந்த சாட்டி இனத்தாரோடு போரிட்டு, ‘ஜெர்மானிக்கஸ்’, அதாவது ஜெர்மானியரை வென்றவர், என்று பட்டம் சூட்டிக்கொண்டார். தெனாரியஸ் எனப்படும் அவருடைய வெள்ளி நாணயம் ஒன்றில் ஜெர்மானியா நாடு ஒரு பெண்ணாக, கேடயத்தின் மேல் துயரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கீழே முறிந்த ஈட்டி. அடிமைகளை விலைக்கு வாங்கிக் கைதி வேடமிட்டுக் கொண்டாடிய பொய் வெற்றி அது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். தொமிஷியன்மேல் அவருக்கிருந்த வெறுப்பையும் கணக்கில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். வெற்றி எப்படியோ, காசு நல்ல காசு: பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளி.

அதே காலத்தில் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸிலிருந்து 300 ஆனது. எல்லையைக் காக்கப் படை, படைக்குச் சம்பளம், சம்பளத்துக்கு வெள்ளி. நெருக்கடி முற்ற முற்ற வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள். டான்யூப் நதிக்கரையில் போரிட்ட பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்திலேயே வெள்ளி ஐந்தில் நான்கு பங்காகிவிட்டது.

கி.பி. 250களின் இறுதிக்கு வாருங்கள். பேரரசர் கல்லியேனஸின் நாணயம்: முன்பக்கம் கதிர்முடி சூடிய தலை. பின்பக்கம் நடுவில் பகைவரின் ஆயுதங்களை மாட்டிய வெற்றிக்கம்பம், அதன் அடியில் கைகள் கட்டப்பட்ட இரண்டு கைதிகள். சுற்றிலும் ‘ஜெர்மானிக்கஸ் மாக்ஸிமஸ்’, அதாவது ஜெர்மானியரை வென்ற மாபெரும் வீரர், ஐந்தாம் முறை! ஒரு முறை வென்றதற்கே ஊரைக் கூட்டிய பேரரசு, ஐந்து என்று எண்ணுகிறதென்றால் பகைவன் திரும்பத் திரும்ப வருகிறான் என்றுதானே பொருள்? 268இல் கல்லியேனஸ் கொல்லப்பட்டபோது, ரோமில் அடித்த கதிர்முடிக் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்புக்கு மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

அந்தக் காசு சொல்லாததைச் சொல்லும் கல் ஒன்று 1992இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கிடைத்தது. வெற்றித் தேவதைக்கு 260இல் எடுத்த பலிபீடம். ஏப்ரல் 24, 25 தேதிகளில் யுத்துங்கி என்ற ஜெர்மானிய இனத்தாரை முறியடித்து, பல்லாயிரம் இத்தாலியக் கைதிகளை மீட்டதாக அதில் வெட்டியிருக்கிறது. கட்டுண்டு போனவர்கள் இத்தாலியர்கள்! அந்தக் கல் கல்லியேனஸைப் பேரரசர் என்று சொல்லவும் இல்லை; அவரை எதிர்த்துக் கிளம்பிய போஸ்டுமஸுக்குத்தான் அந்தப் பட்டத்தைத் தருகிறது.