ரேஸ் கார்டை எடுத்ததும் குதிரை பேரைப் பாக்காதீங்க

வணக்கம் மக்களே. ரேஸ் அன்னிக்குக் காலையில எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "இன்னிக்கு எது வரும்?" முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரம் உக்காந்து ரேஸ் கார்டை, அதாவது எந்த ரேஸ்ல எந்தக் குதிரை ஓடுதுன்னு விவரம் போட்ட தாளைப் படிச்சவங்கதான் அதுக்குப் பதில் சொல்ல முடியும். பெங்களூரோ, மைசூரோ, ஹைதராபாத்தோ, படிக்கிற முறை ஒண்ணுதான். இந்த வீடியோவுல ஒரே ஒரு ரேஸை முழுசாப் பிரிச்சுப் பாக்கப் போறோம். விளக்குறதுக்காக நானே போட்ட கார்டு இது, அதனால நம்பர் மட்டும்தான் இருக்கும். பேர் இருந்தா மனசு பேருக்குப் பின்னாடி போயிடும்.

ஸ்கிரீன்ல பாருங்க. 1200 மீட்டர் ஹாண்டிகேப். ரேட்டிங், அதாவது குதிரையோட திறமைக்குப் போடுற மார்க், 20ல இருந்து 45 வரைக்கும் உள்ள குதிரைங்க. 10 குதிரை ஓடுது. ஹாண்டிகேப்னா நல்ல குதிரை முதுகுல அதிக எடை, சுமாரான குதிரைக்குக் கம்மி எடை. நம்ம ஊர்க் கணக்கு 2 ரேட்டிங் பாயின்ட்டுக்கு 1 கிலோ. 1ஆம் நம்பர் ரேட்டிங் 45, எடை 60 கிலோ. 4ஆம் நம்பர் ரேட்டிங் 38, அப்போ 56.5. 7ஆம் நம்பர் ரேட்டிங் 32, 53.5. கார்டுல இந்தக் கணக்கு சரியா வருதான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க. கடைசி ஒண்ணு ரெண்டு குதிரைக்கு சில நேரம் வராது. ரேட்டிங்படி 47.5 கிலோ தூக்க வேண்டிய குதிரை, குறைந்தபட்ச எடை 50ன்னு இருந்தா 50 தூக்கித்தான் ஆகணும். அது பாக்க லேசா இருக்கும், ஆனா தனக்கு நியாயமா வர வேண்டியதைவிட 2.5 கிலோ அதிகமாச் சுமக்குது.

இப்போ பழைய ஓட்டங்கள். கூட்டம் முழுக்க 1ஆம் நம்பர் பக்கம்தான் நிக்கும், ஏன்னா போன தடவை 4 லெங்த்ல ஜெயிச்சிருக்கு. லெங்த்னா ஒரு குதிரை நீளம், சுமார் 2.4 மீட்டர். அந்த ஜெயிப்புக்கு அப்புறம் ரேட்டிங் 35ல இருந்து 45க்கு ஏறியிருக்கு, அதாவது 5 கிலோ கூட. 1200 மீட்டர்ல சுமார் 1.4 கிலோ எடை கூடினா குதிரை ஒரு லெங்த் பின்னாடி போகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 1600 போனா 1 கிலோவே கிட்டத்தட்ட ஒரு லெங்த். அந்தக் கணக்குல 5 கிலோ மூணரை லெங்த்தைச் சாப்பிட்டுடுது. 4 லெங்த் வித்தியாசத்துல மிச்சம் இருக்கறது அரை லெங்த்.

4ஆம் நம்பரும் 7ஆம் நம்பரும் இதே தூரத்துல முன்னாடி மோதியிருக்கு. 4ஆம் நம்பர் ரெண்டரை லெங்த்ல ஜெயிச்சது. அப்போ அது ரேட்டிங் 30, 7ஆம் நம்பரைவிட 1 கிலோ கம்மியாத் தூக்குச்சு. இன்னிக்கு 3 கிலோ கூடத் தூக்குது. மொத்தம் 4 கிலோ 7ஆம் நம்பருக்குச் சாதகமாத் திரும்பியிருக்கு. 4 கிலோன்னா கிட்டத்தட்ட 3 லெங்த். பேப்பர்ல 7ஆம் நம்பர் அரை லெங்த் முன்னாடி வருது. இதை வச்சே டிக்கெட் வாங்கிடாதீங்க. ரேஸ் எப்படி ஓடப்போகுதுங்கறது இன்னும் பாக்கல.

இந்த இடத்துலதான் பலபேர் கோட்டை விடுறாங்க. ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, ஒவ்வொரு குதிரையும் முதல் 400 மீட்டர்ல எங்க இருக்கும்னு படம் போடுங்க. கடைசி மூணு நாலு ஓட்டத்தோட ரீப்ளே பாத்தாலே தெரிஞ்சிடும். இந்த ரேஸ்ல முன்னாடி ஓடணும்னு அடம்பிடிக்கிற குதிரை மூணு: 1, 2, 9. 1ஆம் நம்பர் போன தடவை ஜெயிச்சப்போ முன்னாடி தனியா ஓடுச்சு, தொந்தரவு பண்ண ஆளே இல்ல. இன்னிக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. அதுவும் 9ஆம் நம்பர் மேல அப்ரென்டிஸ் பையன், அதாவது இன்னும் கத்துக்கிட்டு இருக்கிற ஜாக்கி, அதனால 3 கிலோ சலுகை, 51 தூக்க வேண்டிய குதிரை 48தான் தூக்குது. அது கேட்டுல இருந்து அம்பு மாதிரி கிளம்பும். மூணும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு 600 மீட்டர் ஓடினா, ஸ்ட்ரெயிட்டுக்கு, அதாவது கடைசி நேர் ஓட்டத்துக்கு வரும்போது மூணுக்கும் மூச்சு வாங்கும். பின்னாடி நாலாவது அஞ்சாவது இடத்துல அமைதியா உக்காந்து வர்ற குதிரைக்குத்தான் யோகம். நம்ம படத்துல அந்த இடத்துல 4ஆம் நம்பரும் 7ஆம் நம்பரும் நிக்குது.

அடுத்தது டிரா, அதாவது எந்தக் குதிரை எந்த கேட்டுல இருந்து கிளம்புதுங்கறது. 7க்கு 4ஆவது கேட், 4ஆம் நம்பருக்கு 9ஆவது கேட். வெளி கேட்டுல இருந்து வர்ற குதிரை வளைவுல வெளியவே சுத்த வேண்டி வரும். அரை வட்ட வளைவுல 1 மீட்டர் வெளிய ஓடினா 3.14 மீட்டர் அதிகம் ஓடணும், பள்ளிக்கூடக் கணக்குதான். ரெண்டு மீட்டர் வெளியன்னா 6 மீட்டருக்கு மேல, அதாவது ரெண்டரை லெங்த். 1200ல முழு வளைவும் வராது, பாதின்னு வச்சாலும் ஒரு லெங்த்துக்கு மேல போகுது.

காலைப் பயிற்சி நேரம் பத்தி அடிக்கடி தப்பு நடக்குது. 600 மீட்டர் 39 செகண்ட்னு ஒரு குதிரைக்கும், 43 செகண்ட்னு இன்னொண்ணுக்கும் போட்டிருப்பாங்க. உடனே 39தான் வேகம்னு எடுத்துக்கக் கூடாது. இன்னர் சேண்ட்ல (உள் மணல் பாதையில) ஓடுச்சா, அவுட்டர் சேண்ட்லயான்னு (வெளி மணல் பாதையிலயான்னு) பாருங்க. அவுட்டர்ல நேரம் கூடவே வரும். மேல உக்காந்தது ரேஸ் ஜாக்கியா, கனமான ரைடிங் பாயான்னும் பாக்கணும். கூட ஒரு குதிரை ஓடிச்சுன்னா எதை எது மிஞ்சுச்சுங்கறது செகண்டைவிட முக்கியம். கடிகாரத்தைவிட, "ஈஸியா வந்துச்சு"ன்னு எழுதியிருந்தா அதுக்கு அதிக மதிப்பு கொடுங்க.

தரையும் பாக்கணும். பெங்களூர் சம்மர் சீசன் மழையிலதான் ஓடும். புல்லுல ஒரு கம்பியை இறக்கி எவ்வளவு உள்ள போகுதுன்னு பாப்பாங்க, அதுதான் பெனிட்ரோமீட்டர் ரீடிங். ரீடிங் கூடினா தரை இளகியிருக்குன்னு அர்த்தம். இளகின தரையில இதுவரைக்கும் ஓடாத குதிரை ஃபேவரிட்டா, அதாவது கூட்டம் அதிகமாக் காசு போடுற குதிரையா இருந்தா தள்ளியே நில்லுங்க.

சரி, இதெல்லாம் சேத்து ஒவ்வொரு குதிரைக்கும் சதவீதம் போடுங்க. மொத்தம் 100 வரணும். என் கணக்கு: 7க்கு 30, 4க்கு 20, 2க்கு 15, 1க்கு 12, 9க்கு 8, மிச்ச அஞ்சு குதிரைக்கும் சேத்து 15. ஆக நம்ம செலக்‌ஷன் 7. ஆனா 7 மேல காசு போடலாமாங்கறது வேற கேள்வி. பந்தயப் பணத்துக்கு ஜிஎஸ்டி முன்னாடி 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22ல இருந்து 40. அது நீங்க கட்டுற மொத்தப் பணயத்து மேல. 100 ரூபாய் டிக்கெட்டுக்கு கையை விட்டுப் போறது 140. ஒண்ணுக்கு ஒண்ணு விலையில, அதாவது 100 போட்டா இன்னொரு 100 கிடைக்கிற விலையில ஜெயிச்சா 200 வரும், லாபம் 60தான். அந்த விலையில அசலாவது தேறணும்னா 100க்கு 70 தடவை ஜெயிக்கணும். 70 சதவீதம் ஜெயிக்கிற ஃபேவரிட் எங்க இருக்கு?

7க்குத் திரும்புவோம். 30 சதவீத வாய்ப்பு. 140ஐ 0.30ஆல வகுத்தா 467, 100 ரூபாய் டிக்கெட் ஜெயிச்சா அவ்வளவு வந்தாத்தான் அசல் தேறும். டோட்ல, அதாவது எல்லாரோட பந்தயப் பணத்தையும் சேத்து ஜெயிச்சவங்களுக்குப் பிரிக்கிற முறையில, டிவிடெண்ட் (ஜெயிச்ச டிக்கெட்டுக்குத் தர்ற பணம்) 10 ரூபாய்க்குப் போடுவாங்க, அப்போ டிக்கெட் விண்டோ மூடுறதுக்கு முன்னாடி போர்டுல 47க்கு மேல காட்டணும். 35 காட்டுச்சுன்னா, 7தான் வரும்னு நீங்க எவ்வளவு உறுதியா நம்பினாலும் விட்டுடுங்க. 8 ரேஸ் கார்டுல இந்தக் கணக்குக்குத் தேறுறது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். மிச்சத்தை வேடிக்கை பாருங்க, குதிரை ஓடுறதைப் பாக்கறதே அவ்வளவு அழகு. 1996ல சுப்ரீம் கோர்ட், மெட்ராஸ் ரேஸ் கிளப்பைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கக் கொண்டு வந்த சட்டம் பத்தின வழக்குல, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்தத் திறமை நாம உக்காந்து படிச்சாத்தான் வரும்.

மத்த ரேஸுங்க சுருக்கமா. இதுவரைக்கும் ஜெயிக்காத இளங்குதிரைங்க ஓடுற ரேஸ்ல ரெக்கார்டே இருக்காது, மாக் ரேஸ் (பயிற்சிக்காக ஓட்டிப் பாக்குற ரேஸ்) வீடியோ மட்டும்தான் கதி, விலை கம்மியா இருந்தா வேண்டாம். டெர்ம்ஸ் ரேஸ்ல எடை ரேட்டிங்படி இருக்காது, அதனால ரேட்டிங் கூடின குதிரை தர அளவுலயே முன்னாடி நிக்கும். மும்பை மகாலட்சுமியில 2400 மீட்டர் ஓடுற இந்தியன் டெர்பி மாதிரி ரேஸ்ல பெண் குதிரைக்குச் சலுகை கொடுத்து மத்தபடி எல்லாருக்கும் ஒரே எடை. அங்க எடைக் கணக்கு கைகொடுக்காது, அந்தத் தூரம் தாங்குமான்னு அப்பா அம்மா குதிரை வழியைப் பாருங்க. ஜாக்பாட், அதாவது அஞ்சு ரேஸ்ல ஜெயிக்கிற குதிரையையும் சரியாச் சொல்லணும்ங்கற பந்தயம், போடுறவங்க அஞ்சு ரேஸ்லயும் ரெண்டு மூணுன்னு போட்டுக்கிட்டே போகாதீங்க. 3, 2, 1, 4, 2ன்னு எடுத்தாலே 48 டிக்கெட். நிச்சயமாத் தோணுற ரேஸ்ல ஒண்ணே ஒண்ணு வச்சாத்தான் காசு அடங்கும்.

ரேஸ் அன்னிக்கு பேடக்ல, அதாவது ரேஸுக்கு முன்னாடி குதிரைங்களை நடத்திக் காட்டுற இடத்துல, பத்து நிமிஷம் நில்லுங்க. தோல் மினுமினுன்னு இருக்கா, பின்னங்கால் நடுவுல வெள்ளை நுரையா வேர்வை கட்டியிருக்கான்னு பாருங்க. வெயில்ல எல்லாக் குதிரைக்கும் கழுத்து நனையும், அது தப்பில்ல. ஒண்ணு மட்டும் நுரை தள்ளி, தலையை ஆட்டி, நடத்துற ஆளை இழுத்துக்கிட்டு வந்தா அதோட சக்தி அங்கேயே போகுது. முதல் தடவையா பிளிங்கர் (பக்கத்துல பாக்க விடாத கண் மறைப்பு) போட்டிருந்தா உங்க படத்தை மாத்துங்க, இதுவரைக்கும் பின்னாடி வந்த குதிரை முன்னாடி கிளம்பலாம்.

கடைசியா, விலகுற குதிரைங்க. 9ஆம் நம்பர் ஓடலைன்னு அறிவிச்சா ராத்திரி போட்ட கணக்கே மாறிடும். 2ஆம் நம்பர் ரெண்டாவது கேட்டுல இருந்து ரெயிலை, அதாவது உள்பக்க வேலி ஓரத்தைப் பிடிச்சுக்கும். 8ஆவது கேட்டுல 60 கிலோவோட நிக்கிற 1ஆம் நம்பரால அதுக்குப் பக்கத்துல வந்து சேரத்தான் முடியும். முன்னாடி இருக்கறது மெதுவா ஓடினா பின்னாடி இருந்து வர்ற 7க்கு எட்டாது. 7க்குப் போட்ட 30ஐ 22க்குக் குறைங்க, 2ஆம் நம்பரோடதை 25க்கு ஏத்துங்க, மொத்தம் 100 வர்ற மாதிரி மத்ததையும் மாத்துங்க, விலையைத் திரும்பக் கணக்குப் போடுங்க. பிளேஸ் டிக்கெட் (முதல் சில இடத்துக்குள்ள வந்தாலே காசு தர்ற டிக்கெட்) வாங்குறவங்க இன்னொண்ணும் கவனிங்க: பொதுவா 8 குதிரை ஓடினாத்தான் மூணாவது இடத்துக்கும் காசு, 7 ஆயிட்டா ரெண்டு இடத்துக்குத்தான். கவுன்ட்டர்ல பணம் நீட்டுறதுக்கு முன்னாடி எத்தனை குதிரை ஓடுதுன்னு போர்டை ஒரு தடவை எண்ணிப் பாத்துடுங்க.