காஸ் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். கார் ஏசியில் குளிர்காற்றுக்குப் பதிலாக வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கினால் எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசுவதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். ஏப்ரல் மாத நண்பகலில் கொழும்பின் காலி வீதி நெரிசலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமர்ந்திருந்தவர்களுக்கு இதன் அவசரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சூடான காற்று வந்தவுடன் நம்மில் பலரும் சொல்வது, "காஸ் முடிந்துவிட்டது" என்பதுதான். இந்த வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அந்தக் காஸ், அதாவது ஏசியைக் குளிர வைக்கும் வாயு, எரிந்து தீரும் பொருள் அல்ல. கொம்பிரசரில் அமுக்கப்பட்டு, காரின் முன்பக்கத்திலுள்ள கொண்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, டேஷ்போர்டுக்குப் பின்னால் மீண்டும் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொண்டு, அடைக்கப்பட்ட குழாய்களுக்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டிக்கு ஆண்டுதோறும் யாராவது காஸ் அடிக்கிறோமா? காரில் ரப்பர் குழாய்களும் கொம்பிரசரின் தண்டைச் சுற்றிய சீலும் இருப்பதால் பல ஆண்டுகளில் சிறிதளவு கசியும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் நிரப்பிய காஸ் இந்த வருடம் இல்லையென்றால், அது முடியவில்லை, எங்கோ ஒரு துளை வழியே வெளியேறியிருக்கிறது. துளையை அடைக்காமல் மறுபடி நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான்.

காஸ் குறைந்திருக்கிறதா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு மானியைப் பொருத்தி, "அழுத்தம் இருக்கிறது, காஸ் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. இன்று பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ வகைக் காஸ், 30 பாகை வெப்பத்தில், உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருக்கும்வரை, நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தையே காட்டும். நிறுத்திய எஞ்சினில் பார்த்த எண்ணை நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? எப்போது சூடாகிறது என்பதிலிருந்து. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஒரு கராஜில் அவருக்குத் திரும்பத் திரும்பக் காஸ் அடித்துக் கொடுத்தார்கள். ஒருநாள் என்னிடம், "தம்பி, மரைன் டிரைவில போகேக்க நல்லாக் குளிருது, சிக்னல்ல நிண்டா வேர்க்குது" என்றார். நோயின் பெயரை அவரே சொல்லிவிட்டார். ஓடும்போது எதிர்க்காற்று கொண்டென்சரை ஆற்றிவிடுகிறது. நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது அதன் மின்விசிறி. பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுப் பார்த்தோம். விசிறி அசையவே இல்லை. அதன் மின்னிணைப்பைக் கழற்றினால், செப்பு முனைகள் பச்சை பூத்திருந்தன, கடற்காற்றின் கைவேலை. மோட்டாரும் போயிருந்தது. பஞ்சிகாவத்தையில் பாவித்த மோட்டார் ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டியதோடு சிக்கல் தீர்ந்தது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் காஸ் அடித்த பிறகு அவருக்குக் குளிர்ந்தது ஏன்? கராஜிலிருந்து வீடு திரும்பும் வழியில் நெரிசல் இல்லாததால் எதிர்க்காற்றில் குளிர்ந்திருக்கிறது. நன்றி மட்டும் காஸுக்குப் போய்விட்டது. தேவைக்கு மேல் காஸ் ஏறினால் அழுத்தம் கூடி, குளிர் குறைந்து, கொம்பிரசரே இடையிடையே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஓர் எச்சரிக்கை: விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கலாம், ஆகவே விரலோ சேலைத் தலைப்போ அதன் அருகே போகக் கூடாது.

வேறு அறிகுறிகளும் உண்டு. புறப்படும்போது நன்றாகக் குளிர்ந்து, அரைமணி நேரத்தில் காற்றின் வேகமே குறைந்துபோனால், உள்ளே பனிக்கட்டி படிந்திருக்கலாம். குளோவ் பொக்ஸுக்குப் பின்னாலுள்ள காற்று வடிகட்டியை முதலில் கழற்றிப் பாருங்கள். ஏசியைப் போட்டவுடன் கொம்பிரசர் பிடிக்கும் 'டக்' என்ற ஓசை முன்பு கேட்டு இப்போது கேட்கவில்லையென்றால், பியூஸ், ரிலே, அழுத்தச் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காஸ் மிகவும் குறைந்திருந்தாலும் அந்தச் சுவிட்ச் கொம்பிரசரை ஓடவிடாது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் பொத்தான் இருந்தால், கொழும்பின் ஈரக்காற்றை உலர்த்துவதிலேயே ஏசியின் பாதிப் பலம் போய்விடும்; அதில் எந்தப் பழுதும் இல்லை.

உண்மையிலேயே கசிவுதான் என்றால், குழாய்ப் பொருத்துகளிலும் கொண்டென்சரிலும் எண்ணெய் பிசுபிசுத்த தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். காஸோடு எண்ணெயும் வெளியேறுவதால் துளை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். திருத்திய பின்னர் நைதரசன் ஏற்றிச் சோதித்து, வெற்றிடப் பம்பினால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, பொனட்டின் கீழே ஒட்டப்பட்டிருக்கும் குறிப்பிலுள்ள கிராம் கணக்கின்படி தராசில் நிறுத்தே காஸ் நிரப்ப வேண்டும். பழைய காஸைத் திறந்துவிடச் சம்மதிக்காதீர்கள். புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேல் வலியது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஹைபிரிட் கார்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், இரண்டைமட்டும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பலவற்றின் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள், அந்தக் கொம்பிரசருக்குரிய எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். பிரியஸ், அக்வா போன்றவற்றில் பின் இருக்கையருகே உள்ள காற்றுத் துவாரம் மின்கலத்தை ஆற்றுவதற்கானது. அதை மறைத்துப் பயணப்பையை வைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.