பேசாதிருந்த சிறுவனும் பிராட்வேயின் குரலும்: ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்

[திரையில்: பனி மூடிய வயல்வெளி. தொலைவில் ஒரு சிறிய பள்ளிக்கூடம்.]

வணக்கம். ஸ்டார் வார்ஸ் படத்தின் டார்த் வேடருக்கும் லயன் கிங் படத்தின் முஃபாசாவுக்கும் குரல் கொடுத்தவர் என்ற அளவில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸை நம்மில் பலர் அறிவோம். அந்தக் குரலுக்கு உரியவர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பள்ளியில் வாய் திறக்காமல் இருந்தவர் என்பதும், வாழ்நாள் முழுவதும் நாடக மேடையே அவருக்குத் தாய்வீடாக இருந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் காணொளி.

1931 ஜனவரி 17 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் அர்காபட்லா என்ற ஊரில் அவர் பிறந்தார். குத்துச்சண்டை வீரராக இருந்து பின்னர் நடிகராக மாறிய தந்தை ராபர்ட் ஏர்ல் ஜோன்ஸ், மகன் பிறந்த காலத்திலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய்வழித் தாத்தாவும் பாட்டியும்தான் வளர்த்தார்கள். ஐந்து வயதில் அவர்களோடு வடக்கே மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்த காலத்தில் அவருக்குத் திக்குவாய் ஏற்பட்டது. வீட்டாரிடமும் பண்ணையின் கால்நடைகளிடமும் பேசிய சிறுவன், வெளியாரிடம் பேசுவதை அறவே நிறுத்திவிட்டான்.

பிரெத்ரன் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் டொனால்ட் கிரவுச் என்ற ஆசிரியர் இருந்தார். இந்த மாணவன் கவிதை எழுதுகிறான் என்று அவருக்குத் தெரியவந்தது. பம்பளிமாஸைப் போல இருக்கும் கிரேப்ஃப்ரூட் என்ற பழம் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவிலிருந்து அந்த ஊருக்கு வந்திருந்தது. அதன் சுவையில் மயங்கிய ஜோன்ஸ் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். இவ்வளவு நல்ல கவிதையை நீதான் எழுதினாய் என்றால் வகுப்பின் முன் நின்று பார்க்காமல் சொல் என்றார் ஆசிரியர். மாணவன் எழுந்து நின்று, ஓரிடத்திலும் திக்காமல், முழுக் கவிதையையும் சொல்லி முடித்தான். தாளத்துக்குள் அமைந்த சொல் நாவில் தடையின்றி வருகிறது என்பது அன்று அவனுக்குப் புரிந்தது. திக்குவாய் தன்னை விட்டு முற்றிலும் நீங்கிவிட்டதாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு நிதானமாக உச்சரித்த அந்தப் பாணி, இந்த எச்சரிக்கையிலிருந்தே பிறந்தது என்பது என் கணிப்பு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு சேர்ந்தவர், நாடகத் துறைக்கு மாறி 1955இல் பட்டம் பெற்றார். சில காலம் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார். மனிஸ்டீ நகரின் ராம்ஸ்டெல் அரங்கில் மேடைத் தச்சு வேலையில் தொடங்கி, அங்கேயே ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாகவும் நடித்தார். பிறகு நியூயார்க் சென்று, விட்டுப்போன தந்தையோடு சேர்ந்து வாழ்ந்து, அவரோடு தரை மெருகிடும் வேலையும் செய்தார்.

[திரையில்: நியூயார்க், 48ஆம் தெரு. கோர்ட் அரங்கின் முகப்பு, 1958.]

1958இல் 'சன்ரைஸ் அட் கேம்போபெல்லோ' நாடகத்தில் ரூஸ்வெல்ட் வீட்டுப் பணியாளாக அவருக்கு ஒரு சிறு வேடம் கிடைத்தது. இரவு உணவு தயார் என்று வீட்டு அம்மாவிடம் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். 'மிஸஸ் ரூஸ்வெல்ட்' என்று தொடங்கும் அந்த வசனத்தின் முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொள்ளப் பார்த்ததை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜோசப் பாப் நடத்திய ஷேக்ஸ்பியர் விழாவில் நடித்து வளர்ந்தார். சென்ட்ரல் பார்க்கில் அவர் நடிப்பைப் பார்த்த ஸ்டான்லி குப்ரிக், 1964இல் வெளியான 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' மூலம் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் அவரை முன்னணிக்கு உயர்த்தியது ஹோவர்ட் சாக்லரின் 'தி கிரேட் வைட் ஹோப்' நாடகம். உலக ஹெவிவெயிட் பட்டத்தை 1908இல் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனின் வாழ்க்கையைத் தழுவியது அது. அவரை வீழ்த்த வெள்ளையர்கள் வலைவீசித் தேடிய வெள்ளை வீரனைத்தான் தலைப்பு குறிக்கிறது. தலையை மழித்து, உடலைக் குத்துச்சண்டை வீரனுக்குரியதாக உருமாற்றி ஜோன்ஸ் நடித்த இந்த நாடகம் 1967இல் வாஷிங்டனில் தொடங்கி, 1968இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் அடங்கிய பிராட்வேக்கு வந்தது. 1969இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும், 1970இல் வந்த திரைவடிவத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தன. சிட்னி பாய்ட்டியருக்குப் பிறகு அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட இரண்டாவது கறுப்பின நடிகர் இவரே.

1977இல் டார்த் வேடர் வந்தது. சில மணி நேர ஒலிப்பதிவு, 7,000 டாலர் சம்பளம். முகமூடிக்குள் நடித்தவர் டேவிட் ப்ரௌஸ் என்பதால், தன் குரலை ஒரு சிறப்பு ஒலியாகவே கருதிய ஜோன்ஸ், முதல் இரண்டு படங்களிலும் தன் பெயர் இடம்பெற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புகழ் தேடி வந்த நேரத்தில் இப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

என்னைக் கேட்டால், அவருடைய சிகரம் 1987இல் பிராட்வேக்கு வந்த ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகம்தான். இளமையில் பேஸ்பால் ஆடியும், நிறவெறியால் பெரிய லீக்குகளில் இடம் கிடைக்காமல் பிட்ஸ்பர்க் நகரில் குப்பை அள்ளும் தொழிலாளியாகிவிட்ட டிராய் மேக்சன் வேடம் அவருக்கு. தன்னை ஏன் அவருக்குப் பிடிக்கவே இல்லை என்று மகன் கேட்கிறான். உனக்குச் சோறும் துணியும் கூரையும் தருவது என் கடமை, பிடித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்ற பொருளில் தந்தை பதில் சொல்கிறார். தந்தை இல்லாமல் வளர்ந்த ஒருவர் இந்த வசனத்தைப் பேசினார் என்பதை மறந்துவிட்டு அந்தக் காட்சியை நினைத்துப்பார்க்க என்னால் முடியவில்லை. அந்த வேடத்துக்காக இரண்டாவது டோனி விருது கிடைத்தது.

1991இல் ஒரே ஆண்டில், தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டைப் பெற்றார். 2011இல் கௌரவ ஆஸ்கர் அறிவிக்கப்பட்டபோதும் அவர் லண்டனில் நாடகம் நடித்துக்கொண்டிருந்ததால், விருது அந்த அரங்க மேடைக்கே அவரைத் தேடி வந்தது. 2015இல், 84 வயதில், சிசிலி டைசனோடு 'தி ஜின் கேம்' நாடகத்தில் நடித்தார். 2024 செப்டம்பர் 9 அன்று, 93ஆம் வயதில், நியூயார்க் மாநிலத்தில் தம் இல்லத்தில் காலமானார்.

[திரையில்: அதே 48ஆம் தெரு, இன்று.]

மிஸஸ் ரூஸ்வெல்ட் என்ற சொல்லில் அவர் நாக்குச் சிக்கப் பார்த்த அந்தக் கோர்ட் அரங்குக்கு, அவர் உயிரோடு இருந்தபோதே, 2022இல் பெயர் மாற்றப்பட்டது. இன்று அதன் பெயர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அரங்கம்.